பலகை குடிக்கும் தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வாசல் கதவு நிலையோடு இறுகிவிடுகிறது. தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். சித்திரையில் அதே கதவு ஒற்றை விரலுக்கு நகர்கிறது. மழைக்காலத்தில் ஆசாரியைக் கூப்பிட்டு விளிம்பை இழைக்கச் சொன்னவர்கள், கோடையில் கதவிடுக்கு வழியே தெரு தெரிவதைப் பார்த்து வருந்துகிறார்கள். சொந்தக் கையால் ஒரு பெஞ்சோ மேசையோ செய்து பார்க்க ஆசைப்படுகிறவருக்கு முதல் பாடம் அந்தக் கதவில்தான் இருக்கிறது. ரம்பம் பிடிப்பதும் உளியைத் தீட்டுவதும் பழகப் பழக வந்துவிடும். மரம் தண்ணீரை என்ன செய்கிறது என்று தெரியாமல் இறங்கினால் மட்டும், எவ்வளவு தேர்ந்த கை செய்த மேசையும் இரண்டு பருவம் தாண்டுவதற்குள் பிளந்துவிடும்.

மரக்கடைக்குப் போகும்போது ஒரு தேக்குத் துண்டை எடுத்து, அதன் வெட்டுமுகத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். வளைவு வளைவாக ஆண்டு வளையங்கள் தெரியும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் ஊசிமுனை அளவுத் துளைகள் வரிசை கட்டி நிற்கும். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய குழாய்கள் அவை. அவற்றைச் சுற்றி அடர்ந்திருப்பவை நார்ச் செல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம், தலைமுடியைவிட மெல்லியது, உள்ளே வெற்றிடம். இளநீர்க் கடையில் வாங்கும் உறிஞ்சு குழல்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து இறுக்கிக் கட்டினால் எப்படியிருக்குமோ, பலகையின் உள்ளமைப்பு அப்படித்தான். நீளவாக்கில் இழுத்தால் அசையாது. குறுக்கே பிய்த்தால் பிரிந்துவிடும். விறகைக் கோடரியால் பிளப்பது எளிது, குறுக்கே வெட்டுவது கடினம் என்பதற்கும் இதுதான் காரணம்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, குழல்களின் வெற்றிடத்தில் தளும்பி நிற்பது. மற்றொன்று, குழலின் சுவருக்குள்ளேயே, செல்லுலோஸ் இழைகளின் நடுவில் ஒட்டிக்கொண்டிருப்பது. மரம் காயத் தொடங்கும்போது முதலில் வெளியேறுவது வெற்றிடத்துத் தண்ணீர். அது போவதால் எடை குறையுமே தவிர, பலகையின் அளவு மாறாது. உலர்ந்த கட்டையின் எடையில் சுமார் 30 சதவீதம் என்ற அளவுக்கு நீர் இறங்கிய பிறகுதான் சுவருக்குள் இருப்பது வெளியேறத் தொடங்கும். செல்லுலோஸ் இழைகள் ஒன்றையொன்று நெருங்குவதும் பலகை சுருங்குவதும் அப்போதுதான். அந்த இழைகள் பெரும்பாலும் குழலின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. ஆகவே தண்ணீர் உள்ளே புகுந்தாலும் வெளியேறினாலும் அவை பக்கவாட்டில்தான் விலகும், நெருங்கும். நீளத்தில் கிட்டத்தட்ட எதுவும் நடக்காது.

அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கிவரும் வனப்பொருள் ஆய்வகம் மர வகைகளின் சுருக்க அளவுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அதன்படி, பச்சைத் தேக்கு முழுவதும் உலரும்போது வளையத்தின் வட்டப்போக்கில் 5.8 சதவீதமும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. பெரும்பாலான மரங்கள் நீளவாக்கில் சுருங்குவதோ 0.1, 0.2 சதவீதம்தான். தேக்குக்கு இருக்கும் பெயரில் பாதி இந்தக் கணக்கால் வந்தது என்றே சொல்லலாம். வேறு பல மரங்கள் வட்டப்போக்கில் எட்டு, ஒன்பது சதவீதம் வரை சுருங்குகின்றன.

நம் வீட்டுக்குள் வரும் பலகை பச்சையாக இருப்பதில்லை. ஆனாலும் அது காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதே இல்லை. 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் தன்னுள் சுமார் 9 சதவீத நீரோடு நிலைகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமானால் மரத்தின் நீர் சுமார் 16 சதவீதத்துக்கு ஏறும். குளிர்சாதனம் ஓடும் அறைக்கும் அடைமழைக் காலத்துக் கூடத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் உண்டு. 600 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தேக்கு மேசைப் பலகை செய்கிறீர்கள் என்று வையுங்கள். அதன் நீர் 5 சதவீதம் ஏறி இறங்கினாலே அகலம் ஐந்தரை மில்லிமீட்டர் அளவுக்கு மாறும். அந்தப் பலகையை நாலா பக்கமும் சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கி, போதாததற்குப் பசையும் தடவியிருந்தால், அந்த ஐந்தரை மில்லிமீட்டர் எங்கே போகும்? ஈரம் ஏறினால் பலகை முதுகு தூக்கும். காய்ந்தால் நடுவில் வெடிக்கும். விரிய முயலும் மரத்தின் விசைக்கு முன்னால் நாம் போடும் ஸ்க்ரூ ஒரு பொருட்டே அல்ல.

பழைய மரம் இனிமேல் அசையாது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இடித்த வீட்டிலிருந்து வரும் உத்தரக் கட்டையும் கதவுப் பலகையும் நன்றாக உலர்ந்தவை என்பது உண்மை. ஆனால் நூறு வயதான தேக்கும் மழைக்காலத்தில் நீரை வாங்கும், கோடையில் விடும். செல்லுலோஸுக்கு வயதானதால் தண்ணீர் மேலுள்ள ஈர்ப்பு போய்விடுவதில்லை. பழைய மரம் வாங்குவது நல்ல யோசனைதான். அறுப்பதற்கு முன்னால் ஒரு காந்தத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், ரம்பத்தின் பல்லைக் கெடுத்துவிடும்.

பலகை உலர்ந்துவிட்டதா என்று அறிய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சமையலறைத் தராசு போதும். வாங்கிய பலகையிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து எடை போட்டு, அந்த எடையைத் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். மேசை எந்த அறையில் இருக்கப்போகிறதோ அதே அறையில், பலகைகளின் நடுவே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, துண்டையும் அதன் மேல் வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை எடை போட்டு வந்தால், எண் இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிற்கும். அந்த அறையின் காற்றோடு மரம் சமாதானமாகிவிட்டது என்று பொருள். அதற்கு முன்னால் ரம்பத்தைத் தொடாதீர்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்று பழைய தச்சர்கள் வைத்திருந்த கணக்கு, பச்சையாக அறுத்துத் திறந்த வெளியில் அடுக்கும் பலகைக்கானது. மரக்கடையில் கிடைப்பது ஓரளவு காய்ந்தே வரும். அதற்குச் சில வாரப் பொறுமை போதும்.

எந்த மரம்? முதல் வேலைக்குத் தேக்கு வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். விலையை நினைத்தே கை நடுங்கும். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக், பால் வற்றியபின் வெட்டப்படும் ரப்பர் மரம், சரக்குப் பெட்டிகளைப் பிரித்து விற்கும் பைன் ஆகிய எல்லாமே இழைப்பதற்கு மென்மையானவை, பையையும் கடிக்காதவை. ரப்பர் மரத்தை மட்டும் போரான் உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்தியதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் மாவுச்சத்து அதிகம். உளுக்கும் வண்டுகளின் புழுக்கள் அதைத் தேடித்தான் வருகின்றன. எந்த மரத்திலும் நடுவில் இருக்கும் வைரத்தைவிட வெளிப்புறத்து வெளிர்நிறப் பகுதியே சீக்கிரம் உளுத்துப்போகிறது. கரையான் அண்டாது என்று பேர்பெற்ற தேக்கிலும் அந்த வெளிர்ப் பகுதிக்கு அப்படியொரு காப்பு கிடையாது. பைன் சரக்குப் பலகை வாங்கினால் அதில் அச்சிட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்று இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கிப் பூச்சி நீக்கியது. ‘எம்.பி.’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கடையில் பலகையைப் பொறுக்கும்போது மேல்முகத்து அழகைப் பார்ப்பதற்கு முன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாக நின்றால், அது கொஞ்சமாகத்தான் அசையும். கோடுகள் முகத்தோடு படுத்துக் கிடந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு அசையும்; காயும்போது பட்டை இருந்த பக்கமாகக் குழியவும் செய்யும். அடிமரத்தின் நடுப்புள்ளியே பலகைக்குள் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அது வெடிக்காமல் இருக்காது.

முதல் வேலைக்கு நான் சிபாரிசு செய்வது ஒரு பெஞ்சு. ஒரு மீட்டர் நீளம், 450 மில்லிமீட்டர் உயரம். உட்காரும் இடத்துக்கு அகலமான ஒரே பலகையைத் தேடி அலைய வேண்டாம். 140 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு பலகைகளை ஆறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பலகைகள் விரிவதற்கான இடம் அந்த இடைவெளியிலேயே இருக்கிறது. அடியில் குறுக்கே இரண்டு மூன்று சட்டங்கள் வரும். சிக்கல் பிறப்பது இங்கேதான். சட்டத்தின் நார் பலகையின் நாருக்குக் குறுக்கே ஓடுகிறது. பலகை அகலத்தில் விரியும்போது சட்டம் தன் நீளத்தில் விரியாது. இரண்டையும் இறுக்கிப் பூட்டினால் ஏதாவது ஒன்று தோற்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் சட்டத்தில் இரண்டு துளை போடும்போது, ஒன்றை ஸ்க்ரூ அளவுக்கு வட்டமாகவும், மற்றதை இரண்டு துளைகளை அடுத்தடுத்துப் போட்டு இணைத்து நீள்துளையாகவும் செய்யுங்கள். நீள்துளையின் நீளம் பலகையின் அகலவாக்கில் இருக்க வேண்டும். அதில் வாஷர் போட்டு, ஸ்க்ரூவை அழுத்திப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பலகை நகர நினைத்தால் ஸ்க்ரூ துளைக்குள் வழுக்கி இடம் கொடுக்கும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே பசை கூடவே கூடாது. இவ்வளவு குறுகிய பலகையில் இதைச் செய்யாமல் விட்டாலும் ஒருவேளை தப்பிக்கலாம். அடுத்து செய்யப்போகும் சாப்பாட்டு மேசையில் தப்பிக்க முடியாது. எனவே இங்கேயே பழகிக்கொள்வது நல்லது.

பழைய வீடுகளின் கதவுகளைப் பாருங்கள். நாற்புறமும் கனமான சட்டம். சட்டத்தில் வெட்டிய காடிக்குள் மெல்லிய பலகை செருகியிருக்கும். அந்தப் பலகைக்கு ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. காடிக்குள் விரியவும் சுருங்கவும் இடம் விட்டிருப்பார்கள். செல்லுலோஸ் என்ற பெயரே இல்லாத காலத்தில், பார்த்துப் பார்த்து அறிந்த விடை அது. அந்தத் தச்சர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

இனி ஒட்டு. வெள்ளைப் பசையில் பாலிவினைல் அசிடேட் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. பூசியதும் தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொள்ள, துகள்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகின்றன. 1959இல் ஃபெவிகால் வருவதற்கு முன் நம் தச்சர்கள் விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைச் சூடாக்கிப் பூசினார்கள். எந்தப் பசையானாலும் விதி ஒன்றுதான்: நாரின் பக்கவாட்டு முகமும் பக்கவாட்டு முகமும் சேர்ந்தால் ஒட்டு மரத்தைவிட உறுதியாகும். அப்படி ஒட்டிய இரண்டு பலகைகளை உடைத்தால், பசை இருக்கும் இடம் நிற்க, அதற்குப் பக்கத்து மரம்தான் பிய்ந்து வரும். வெட்டுமுகத்தில் பூசினால் திறந்த குழல்கள் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. கால் கட்டையின் தலையில் பசை தடவிப் பலகையோடு ஒட்டினால் நிற்காது என்பதற்குக் காரணம் இது. அந்த இடத்தில் ஒரு கட்டையின் முனையை நாக்குபோல நீட்டிச் செதுக்கி, மற்றதில் பொளித்த துளைக்குள் செருகுவார்கள். நாக்கின் இரண்டு கன்னங்களிலும் பக்கவாட்டு முகம் கிடைக்கிறது, பசை பிடிக்கிறது. தொடக்கக்காரருக்கு இது கடினமாகப் பட்டால், இரு கட்டைகளையும் பாதிப் பாதிக் கனத்துக்கு வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாகப் படியவைத்தாலும் அதே பலன் கிடைக்கும். அதற்கு ரம்பமும் உளியும் மூலைமட்டமும் போதும். கோட்டைப் பென்சிலால் போட்டதோடு நிறுத்தாமல், அதன் மேல் கூர்க்கத்தியால் ஒரு முறை கீறிவிடுங்கள். நார் முன்கூட்டியே அறுபட்டுவிடுவதால் ரம்பம் விளிம்பைப் பிசிறாது.

இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974இல், தச்சு தெரியாத எவரும் சாதாரணப் பலகையும் சுத்தியலும் ஆணியும் கொண்டு செய்துகொள்ளும்படி மேசை, நாற்காலி, கட்டில் என 19 பொருள்களின் வரைபடங்களை வெளியிட்டார். செய்து பார்க்கிறவர் பொருளை உள்ளிருந்து புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். அவருடைய மேசைகளின் கால்களில் சாய்வாக ஓடும் கட்டைகளைக் கவனிக்கலாம். நான்கு குச்சிகளை ஆணியால் இணைத்துச் செவ்வகம் செய்து மூலையைத் தள்ளினால் அது சரிந்துவிடும். ஒரு சாய்வுக் குச்சியைச் சேர்த்தால் முக்கோணங்கள் உண்டாகின்றன. பக்கங்களின் நீளம் மாறாமல் முக்கோணத்தின் வடிவத்தை மாற்றவே முடியாது. உங்கள் பெஞ்சு பக்கவாட்டில் ஆடினால் இன்னும் நாலு ஸ்க்ரூ அடிப்பதில் பயனில்லை. ஒரு சாய்வுக் கட்டை போடுங்கள், அல்லது கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் உயரத்தைக் கூட்டுங்கள்.

உயரத்தைக் கூட்டுவது ஏன் இவ்வளவு உதவுகிறது என்பதைப் புத்தக அலமாரியில் நன்றாகப் பார்க்கலாம். பலகை வளையாமல் தாங்கும் திறன் அதன் கனத்தின் மும்மடியாக ஏறுகிறது. 18 மில்லிமீட்டருக்குப் பதில் 25 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு இரண்டரை மடங்குக்கும் மேல். நீளமோ இதைவிடக் கொடியது: மீட்டருக்கு இத்தனை கிலோ என்று புத்தகங்களை வரிசையாக அடுக்கும்போது, தொய்வு நீளத்தின் நான்மடியாக ஏறுகிறது. இரண்டடித் தட்டை மூன்றடியாக்கினால் தொய்வு ஐந்து மடங்கு. மீட்டருக்கு 30 கிலோ வீதம் புத்தகம் ஏற்றிய, 18 மில்லிமீட்டர் கனமும் 250 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட 900 மில்லிமீட்டர் தட்டுக்குக் கணக்குப் போட்டால், தேக்கு சுமார் இரண்டு மில்லிமீட்டர் தொய்கிறது. அதே அளவு எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, ஏழு மில்லிமீட்டர். அதோடு நிற்காது. மாதக்கணக்கில் பாரம் தாங்கும் பலகை மெல்ல மெல்ல இன்னும் இறங்கும், துகள்களை ஒட்டிச் செய்த பலகைகள் அதிகமாகவே இறங்கும். தட்டை 600 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் முன்விளிம்பின் அடியில் ஓர் அங்குல உயரச் சட்டம் ஒட்டுங்கள்.

அலமாரிக்கு ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. மெல்லிய மரத் தாள்களை நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும்படி அடுக்கி ஒட்டுவதால், ஒரு தாள் விரிய முனையும் திசையில் அடுத்த தாள் விறைத்து நின்று தடுத்துவிடுகிறது. அறைக்குள் வைக்க ஐ.எஸ். 303 முத்திரை உள்ளது போதும். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 வேண்டும்.

இழைப்புளியோ உப்புத்தாளோ, வேலை செய்யும்போது முகக்கவசம் அவசியம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் உறுதிசெய்தது. தூளைத் துடைப்பத்தால் கிளப்பிவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உப்புத்தாளை 80, 120, 180 என்று படிப்படியாக மாற்றி, நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் மெருகு ஏறிய பிறகுதான் பளிச்சென்று தெரியும்.

மெருகைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வார்னிஷ் அடித்தால் மரம் நீர் வாங்காது என்பார்கள். எந்தப் பூச்சும் நீராவியை முழுக்கத் தடுப்பதில்லை, வேகத்தைத்தான் குறைக்கிறது. ஆகவே மேல்பக்கம் மட்டும் பூசி அடிப்பக்கத்தை அப்படியே விட்டால், ஒரு முகம் வேகமாகவும் மறுமுகம் மெதுவாகவும் ஈரம் வாங்கிப் பலகை வளைந்துவிடும். தொடக்கக்காரருக்குக் கொதிக்கவைத்த ஆளி விதை எண்ணெய் எளிது: துணியால் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டியதுதான். இந்த எண்ணெய் உலர்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. பலகையின் மேல் அந்த வெப்பம் பரவிப் போய்விடும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் வெப்பம் உள்ளேயே தேங்கி, யாரும் பற்றவைக்காமலேயே துணி தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியைக் கொடியில் ஒற்றையாக விரித்து வெளியில் காயப்போடுங்கள். விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம். முதல் பூச்சு காய ஒரு நாளாவது விட்டு இரண்டாவதை ஆரம்பியுங்கள், அதையும் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்திலிருந்து.